தறிக்குழியில் நடந்த தூரம்

கோதண்டபாணி தறியில் உட்கார்ந்தபடியே திருப்புட்குழி பெருமாள் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்த செய்தியை எங்கள் தெருவுக்குச் சொன்னவள் அவன் மகள் அபிநயா. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், தோளில் பையோடு வாசலிலேயே நின்று போனைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“நைனா, இன்னிக்கு நீ திருப்புட்குழி போயிட்டு வந்துட்ட.”

“போம்மா. காலைலேர்ந்து தறிக்குழிய விட்டு ஏறல நானு.”

“போன் சொல்லுதே. பச்சை வட்டம் போட்டிருக்குது. பொம்மை ஒண்ணு வந்து கை தட்டுது பாரு.”

அடுப்படியிலிருந்து துளசி குரல் கொடுத்தாள். “போனவரு பெருமாளப் பாத்தாரா, இல்ல டீ குடிச்சிட்டு வந்துட்டாரான்னு கேளு.”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் அடுத்த வீடு. சாயப்பட்டறையில் பட்டு அலசுகிற வேலை எனக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தறிச் சத்தம் அந்தச் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பேன்.

அவன் கையில் அந்தப் பட்டை ஏறியது ஆடி மாதத்தில். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து, நெசவாளர் சங்கத்துக் கூடத்தில் கூட்டம் போட்டு, சர்க்கரை வியாதி இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று மாட்டிவிட்டார்கள். ரப்பர் பட்டை. நடுவில் கறுப்பாய் ஒரு சின்னக் கண்ணாடி. கம்பெனிக்காரர் இளங்கோவன் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

“உங்க ஒவ்வொரு அடியும் எங்களுக்குத் தெரியும். தூங்கலைன்னா தெரியும். நெஞ்சு வேகமா அடிச்சா தெரியும். வியாதி முத்தின பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடற கதையெல்லாம் இனிமே கிடையாது. முன்கூட்டியே போன் சொல்லிடும். பச்சைன்னா நல்லா இருக்கீங்க. மஞ்சள்னா கவனம். சிவப்புன்னா எங்க ஆள் உங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டாள். “புருசன் குடிச்சிட்டு வந்து அடிச்சா அதுவும் தெரியுமா சார்?”

அவரும் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சர்க்கரை போடாத டீ.

கோதண்டபாணிக்குச் சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது. காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. ஒரு தரம் ரேஷன் கடையிலிருந்து வரும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வரைக்கும் வந்துவிட்டான். துளசி போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். “சீதாதேவி நகையக் கழட்டிப் போட்ட மாதிரி வழியெல்லாம் போட்டுக்கினு வராரு எம் புருசன்” என்று தெருவில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பட்டை வருவதற்கு முன்னால், சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்க்க மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவள் கலாவதி. அதே கம்பெனிதான் அவளை அப்போதிருந்தே வேலைக்கு வைத்திருந்தது. ஐயம்பேட்டைக்காரி. ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுனையில் இறங்கி, ஒரு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவள் வந்தால் கோதண்டபாணிக்குப் பேஜார்.

“ஏறு அண்ணா மேல.”

“கரைக் கோர்வை பாதில நிக்குதும்மா. அப்பால பாக்கலாம்.”

“கோர்வை எங்கியும் ஓடிடாது. காலு ஓடிடும். ஏறு.”

காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற அந்தக் குழியிலிருந்து முனகிக்கொண்டே ஏறி உட்காருவான். கலாவதி தன் தோளில் கிடக்கிற துண்டாலேயே அவன் பாதத்தைத் துடைப்பாள். விரல் சந்துகளைப் பிரித்துப் பார்ப்பாள். துடைப்பக்குச்சியை ஒடித்து அடிக்காலில் குத்துவாள்.

“தெரியுதா?”

“குத்து, சொல்றேன்.”

“குத்திட்டேண்ணா.”

“எப்பக் குத்தின?”

அவள் துளசியைத் திரும்பிப் பார்ப்பாள். “கொழந்த குண்டியப் பாக்குற மாதிரி தெனம் பாக்கணும்க்கா இவரு அடிக்கால. பிரட்டிப் போட்டுப் பாக்கணும். இவருக்குத் தெரியாது. நாமதான் தெரிஞ்சிக்கணும்.”

பட்டை வந்தபிறகு கலாவதிக்கும் ஒரு போன் கொடுத்துவிட்டார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் அதுவே சொல்லும். தெருக்களும் அதிகமாகிவிட்டன அவளுக்கு. ஒருநாள் எங்கள் வாசலைத் தாண்டி வேகமாகப் போனவளைக் கோதண்டபாணி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

“இன்னாம்மா, எங்கள மறந்துட்டியா?”

“நீ பச்சைண்ணா. உன் வீட்டுப் பக்கம் எனக்கு வழியே காட்ட மாட்டேங்குது இது.”

“வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போனா போன் அழுவுமா?”

“அழுவாது. பச்சை வீட்டுக்குப் போனா போனதா ஏறவே ஏறாது. அந்த நேரம் நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்கோ. கோடித்தெருவுல ரெண்டு சிவப்பு இருக்குது, போறேன்.”

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நான் தறிலதான் ஒக்காந்திருக்கேன். தெனம் நடந்தேன் நடந்தேன்னு சொல்லுதே. அது எப்பிடி?”

கலாவதி நின்றாள். ஜன்னல் கம்பி வழியாகக் குழிக்குள் குனிந்து பார்த்தாள். அவன் கால்கள் மிதிக்கட்டைகளின் மேல் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. கை, குறுக்கிழை போடுகிற நாடாவைத் தள்ளும் கயிற்றை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

“காலு ஆடுதில்லண்ணா. மிதிக்கிறதும் ஒரு நடைதானே. மெஷினு சும்மா சொல்லுமா?” என்றாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. கையில் போன் கத்தியது. போய்விட்டாள்.

கோதண்டபாணிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனையோ தரம் நட, நட என்று சொல்லியிருந்தார். நடப்பதென்றால் தறியை விட்டு எழுந்திருக்க வேண்டும். கல்யாண மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை தறியில் கிடக்கும்போது யார் எழுந்து ஏகாம்பரநாதர் கோயில் மதிலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்? இப்போது மிதித்தாலே நடைதான் என்றால் அவனைப்போல் நடக்கிறவன் காஞ்சிபுரத்தில் எவன்?

“பேங்க்காரன், ஸ்கூல் வாத்தி எல்லாம் காலைல பூட்ஸ் போட்டுக்கினு ஓடுறான். நம்மாளு குழியிலயே ஊரச் சுத்திடறான்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

புரட்டாசியில் ஒருநாள் தெருவில் பாவு நீட்டினோம். விடியலில் தொடங்கி, தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அக்கம்பக்கம் எல்லாரும் கை கொடுப்போம். கோதண்டபாணி அன்றைக்குத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடையாய் நடந்தான். இரண்டு கையாலும் பாவைத் தடவிப் பிடித்துக்கொண்டே நடந்தான். சாயங்காலம் அபிநயா வந்து போனைத் திறந்தாள்.

“இன்னா நைனா, இன்னிக்கு வீட்டுலயே படுத்துட்டியா? மஞ்சள் காட்டுது. சோம்பலாமே உனக்கு.”

“அடப்பாவி. கால் கெஞ்ச நடந்தேனேம்மா. கேளு பெரியப்பாவ.”

“நடந்தான்மா, நான் பாத்தேன்” என்றேன்.

“நடந்தா நடக்கலன்னுது. ஒக்காந்தா நடந்தேன்னுது. இது நம்ம கவர்மெண்ட் பஸ்ஸு மாதிரி” என்றாள் துளசி. எல்லாரும் சிரித்தோம். கையில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வைத்துக்கொண்டு சிரித்தோம். கை வீசினால்தான் அதற்கு நடை, கால் அதற்குத் தெரியவே தெரியாது என்பதை அந்த ஒரு நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டது. சிரித்தோமே தவிர யாரும் அதை எடுத்து யோசிக்கவில்லை. மறுநாள் அவன் தறியில் உட்கார்ந்தான். சாயங்காலம் பச்சை வந்துவிட்டது.

பச்சை வரவர, துளசியும் அவன் காலைப் பிரட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கோர்வைப் புடவைக்கு உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. கரை நாடாவை வாங்கித் தள்ள வலப்பக்கம் ஒருத்தர் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது துளசியின் இடம். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து, எழுந்ததும் அடுப்பு, தண்ணீர், துணி. “போன் பாத்துக்குது” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

ஐப்பசி மழை இந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்யவில்லை, ஒரேயடியாகப் பெய்தது. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீடுகளில் தறிக்குழி ஊறும். மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்து குழியில் கணுக்கால் அளவு நிற்கும். காலையில் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிவிட்டு இறங்குவார்கள். மத்தியானத்துக்குள் மறுபடி ஊறியிருக்கும். கோதண்டபாணி சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு அதிலேயே மிதித்தான். சாயங்காலம் ஏறும்போது அவன் பாதம் ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். மழைக்காலத்தில் தறிக்காரன் கால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு அந்த வீட்டில் நாற்றம் எடுத்தது.

முதலில் துளசிதான் சொன்னாள். “எங்கியோ எலி செத்துக் கெடக்குது.” கஞ்சிப்பசைக்கு எலி வரும். குழிச் சுவரில் வங்கு வைத்து உள்ளே போய்ச் செத்துவிடும். எல்லார் வீட்டிலும் வருஷத்துக்கு ஒரு தரம் நடப்பதுதான். பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி தீர்ந்ததும் நாற்றம் திரும்பி வந்தது. எனக்கும் சுவர் தாண்டி வந்தது.

“கருவாட்டுக்கொழம்பு வெக்கிற நாள்ல மட்டும் தெரியல” என்றான் கோதண்டபாணி. “தெனம் கருவாடு வெச்சிடு. எலியும் நாமும் ஒண்ணா இருந்துக்கலாம்.”

அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. மழைக்காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். போன் பச்சைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. அபிநயாவுக்கு லீவு. எலியைப் பிடித்துவிடுவது என்று முடிவுகட்டினாள். என்னைக் கடப்பாரையோடு கூப்பிட்டாள்.

“பெரியப்பா, சுவத்துல வங்கு இருக்கான்னு நான் உள்ள இறங்கிப் பாக்கறேன். காட்டுற எடத்துல நீங்க தோண்டுங்க.”

“சுவத்தத் தோண்டிடாதீங்கப்பா. தறி ஆடிடும்” என்றான் கோதண்டபாணி. குழி விளிம்பில் ஏறி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அபிநயா மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். போனில் டார்ச்சைப் போட்டாள். ஒவ்வொரு மூலையாகக் காட்டினாள். சாக்கை எடுத்து வெளியே எறிந்தாள். மிதிக்கட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“எலி இல்ல. எங்கியும் இல்ல. ஆனா இங்கதான் நாறுது பெரியப்பா.”

வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறப் போனவள் அப்படியே நின்றாள்.

“நைனா, காலத் தூக்கு.”

“இன்னாத்துக்கு?”

“தூக்கு நைனா.”

அவன் தூக்கினான். அடிக்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு குழி. ஓரமெல்லாம் ஊறி வெளுத்து, நடுவில் கறுப்பு. நாங்கள் தேடிக்கொண்டிருந்த எலி அங்கேதான் இருந்தது.

அவன் எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான். “இன்னா? இன்னா இருக்குது? சொல்லுங்களேன்பா. எனக்கு ஒண்ணுமே வலிக்கலியே.”

துளசி வந்து குனிந்தாள். பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவன் காலை மூடினாள். யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல மூடினாள். அபிநயா கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் போனின் மூலையில் பச்சை வட்டம் அப்படியே இருந்தது.

நான் பிறகு மிதிக்கட்டையைத் தடவிப் பார்த்தேன். தேய்ந்த மரத்தில் ஒரு ஆணித்தலை எழும்பியிருந்தது. அதன்மேல்தான் அவன் பகலெல்லாம் மிதித்திருக்கிறான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு அபிநயாவைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளா?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. அபிநயா போனை நீட்டினாள்.

“பச்சையா இருந்துது மேடம். ஒருநாள் தவிர எல்லா நாளும் பச்சை. பாருங்க, பாருங்க மேடம்.”

டாக்டரம்மா பார்த்தார். “போன் காலைப் பாக்காதும்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் அதேபோல் கட்டுப்போட்ட கால்கள் வரிசையாகக் கட்டிலில் கிடந்தன.

முதலில் ஒரு விரல் போகும் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். அப்புறம், காய்ச்சல் இறங்காததால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. “அது போதும்” என்று துளசி எல்லாரிடமும் சொன்னாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கால் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் அவன் மயக்கம் தெளியாமல் கிடந்தான். நான் பிரெட்டும் பாலும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவன் கையில் பட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து மஞ்சள் காட்டிய அபிநயாவின் போன் சிவப்பாகிக் கத்தியது. அவள் அணைக்கப் போய் எங்கேயோ தட்டிவிட்டாள். ஒரு பெண் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

“வணக்கம் கோதண்டபாணி. இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை. எழுந்து சிறிது தூரம் நடங்கள்.”

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். “யாரும்மா அது? சொந்தக்காரங்களா?”

“ஆமாம்மா” என்றாள் துளசி. “ரொம்ப அக்கறையானவங்க.”

மறுநாள் காலையில் கலாவதி எங்கள் தெருவுக்கு ஓடி வந்தாள். கோதண்டபாணி வீடு பூட்டியிருந்தது. நான் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“சிவப்பு காட்டுச்சுண்ணா. விழுந்தடிச்சி வந்தேன். எங்க இவங்கோ?”

“ஆஸ்பத்திரில. காலு எடுத்துட்டாங்கம்மா.”

“எந்தக் காலு?”

“வலது.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நீலப் பை மடியில் இருந்தது. “பச்சையா இருந்தாரேண்ணா” என்றாள். “இந்த வழியாத்தான் போனேன் வந்தேன். ஜன்னல்ல பாத்தேன். காலு ஆடிக்கினுதான் இருந்துது. ஒரு நிமிஷம் உள்ள வந்து குனிஞ்சிருந்தா...”

“நீ இன்னா பண்ணுவ?”

“இல்லண்ணா. மூக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல எனக்கு. வாசல்ல நின்னிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.”

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு போன் கத்தியது. வந்ததற்கு ஒரு படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த வீட்டுக்கு வழி காட்டுமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவில் தொங்கிய பூட்டைப் படம் எடுத்தாள்.

கோதண்டபாணி வீட்டுக்கு வந்தபிறகு அவன் எப்போதும் சிவப்பு. படுத்தே கிடந்தான். அதனால் கலாவதி அடிக்கடி வந்தாள். புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றினாள். மிச்சமிருந்த காலைத் தன் துண்டால் துடைத்து, விரல் விரலாகப் பார்த்தாள். அவன் அவளோடு பேசுவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். தறியில் அரைகுறையாய் நின்ற புடவையின்மேல் துளசி ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தாள்.

தை பிறந்து இளங்கோவன் வந்தார். மைக்கில் பேசிய அதே மனிதர். இந்தத் திட்டத்தால் பலன் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம். மடியில் பெரிய போன் மாதிரி ஒரு பலகை. துளசி நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். அவர் டீயைக் கையில் வாங்கிக் கீழே வைத்தார். கட்டுப்போட்ட முட்டியைப் பார்க்காமலிருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

“கருவி தினமும் கையில இருந்ததா?”

“இருந்துது.”

“தகவல் ஒழுங்கா வந்ததா?”

“வந்துது சார்” என்றாள் அபிநயா.

“சிவப்பு எப்பவாவது காட்டுச்சா?”

“காட்டுச்சு. மொத தரம் காலு எடுத்த அன்னிக்கு.”

அவர் விரல் நின்றது. “அப்ப... நிலைமை மோசமான நாள்ல சரியா காட்டியிருக்கு” என்று மெதுவாகச் சொல்லித் தட்டினார். “சிவப்பு வந்ததும் ஆள் வந்தாங்களா?”

“வந்தா. உடனே வந்தா. பாவம், ஓடி வந்தா” என்றாள் துளசி.

“படமும் பதிவாகியிருக்கு” என்றார் அவர்.

“சார், அந்தக் காலு எங்க எழுதினீங்க?” என்று துளசியே கேட்டாள்.

“அது மருத்துவ விவரம்மா. ஆஸ்பத்திரிக் கணக்குல வரும். எங்க கேள்வி, கருவி வேலை செஞ்சுதாங்கிறதுதான்.”

“செஞ்சுது சார். அது பாட்டுக்குச் செஞ்சுது.”

அபிநயாவுக்குத் தாங்கவில்லை. “சார், அது கை ஆடினாத்தான் நடந்ததா எண்ணுது. எங்க நைனா நாடா தள்ளினத எல்லாம் நடைன்னு போட்டுடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

“நெசவாளர்களுக்குன்னு தனியா சோதிக்கலைம்மா. எல்லாருக்கும் பொதுவா செஞ்சதுதான்.”

“இந்த ஊர்ல வேற யாரு சார் இருக்காங்க? சங்கத்துக் கூடத்துல நெசவாளிங்கள ஒக்கார வெச்சித்தானே மாட்டினீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லும்மா. ‘பிற கருத்துகள்’னு ஒரு இடம் இருக்கு. எழுதறேன்.”

அவள் சொன்னாள். பாவு நீட்டின நாளிலிருந்து சொன்னாள். அவர் தட்டிக்கொண்டே வந்தார். எலி வரைக்கும் வருவதற்குள் நிறுத்திவிட்டார். “அவ்வளவுதான்மா இடம் விடுது” என்றார்.

கிளம்பும்போது, பட்டையைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கழற்றினால் திட்டத்திலிருந்து பெயர் போய்விடும், அதில் கிடைக்கிற மாத்திரை வீட்டுக்கு வருவது நின்றுவிடும். டீ ஆடை படிந்து அங்கேயே இருந்தது.

அவர் போன மறுநாள் துளசி வேட்டியை எடுத்து மடித்து வைத்தாள். புடவையைத் தூசு தட்டினாள். மிதிக்கட்டையை நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அவளே குழியில் இறங்கினாள்.

“வாங்க, கரைக்கு ஆளு வோணும்” என்றாள்.

கோதண்டபாணி அசையவில்லை.

“கரை நாடா தள்ளக் காலு தேவையில்ல. இத்தினி வருசம் நான் ஒக்காந்த எடந்தானே. வந்து ஒக்காருங்க.”

நானும் அபிநயாவும் தூக்கி வைத்தோம். துளசி மிதித்தாள். அவளுக்கு மிதி ஏறவில்லை. ஒரு அடி பலமாக விழும், ஒரு அடி தொய்ந்து விழும். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டால் நொண்டுகிற மாதிரி இருக்கும். இழை அறுந்தது. முடிச்சுப் போட்டாள். மறுபடி அறுந்தது. அவன் நாடா வந்தால் பிடித்தான், தள்ளினான். அவ்வளவுதான். மாசி மாதத்தில் அந்தச் சத்தத்துக்கே நான் பழகிவிட்டேன்.

போன் வழி காட்டாததால் கலாவதி வருவது நின்றுபோயிருந்தது. ஒரு தரம் தெருவில் பார்த்தபோது, போன் பாட்டுக்குப் போகட்டும், ஒருநாள் வந்துவிடுகிறேன் என்றாள். வரவில்லை. துளசிதான் இப்போது காலையில் அவன் குழிக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால், மிச்சமிருக்கும் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பிரட்டிப் பார்க்கிறாள். அவள் பாதத்தைப் பார்க்க யாரும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அலசின பட்டைக் கொடியில் போட்டுவிட்டு அவர்கள் வீட்டில் நின்றிருந்தேன். அபிநயா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். போன் கிணுகிணுத்தது. பார்த்தாள். முகம் மாறியது. பையில் போடப் போனாள்.

“இன்னாம்மா நிறம்?” என்றான் கோதண்டபாணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் அதைப்பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒண்ணுமில்ல நைனா.”

“பச்சையா?”

அவள் தலையாட்டினாள்.

“பொம்மை கை தட்டுதா?”

அவள் தோள் பையை இறக்கி வைத்தாள்.

“எங்க வரைக்கும் போயிட்டு வந்தேன்? சொல்லேன்.”

அபிநயா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தறியைப் பார்த்தேன். குழியில் துளசி மிதிப்பதை நிறுத்தவில்லை. நிமிரவுமில்லை.

“எங்கியும் போவல” என்றாள். “இங்கதான் ஒக்காந்திருக்கீங்க. நாடா வருது, புடிங்க.”